வெற்றிடம் வெடித்த வாரம்

புதன்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, ஒன்றுமே இல்லாத வெட்டவெளி வெடித்துச் சிதறியது. சிதறியது கம்ப்யூட்டருக்குள்தான், யாருக்கும் காயமில்லை. ஆனால் மூன்றாவது மாடியில் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். "அடப்பாவி! உனக்குள்ள என்னடா இருக்கு வெடிக்கிறதுக்கு?" என்று திரையைப் பார்த்தே கத்தினாள். எதிர் அறைக்காரர் எழுந்து வந்து தன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்குத் துடைப்பம் என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், தலை மறைந்தால் துடைப்பம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததில் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம். இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் மோதி ஒன்றாகும்போது சுற்றியுள்ள வெளி எப்படி அதிர்கிறது என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கம்ப்யூட்டர் நிரல் ஒன்று அங்கே இருந்தது. அதை ஒன்பது வருடமாகப் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தவள் அவள். யாராவது அதில் கோணல்மாணலாக ஒரு வரி எழுதிவிட்டால் அன்றைக்கே பெருக்கித் தள்ளிவிடுவாள். எழுதியவரையும் சேர்த்துத்தான்.

கருந்துளைக் கணக்கைக் கையால் போட முடியாது. வெளியைக் கட்டம் கட்டமாக நறுக்கி, காலத்தைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு கட்டத்திலும் புவியீர்ப்புச் சமன்பாடுகளைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கம்ப்யூட்டரோ பதினாறு இலக்கத்துக்கு மேல் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது; மிச்சத்தை வெட்டி எறிந்துவிடும். அந்த வெட்டுத் துணுக்குதான் பிழை. பிழை கிடந்த இடத்திலேயே கிடந்தால், நிரல் நிற்கிறது என்பார்கள். குட்டி போட்டுப் பெருக ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் திரை முழுவதும் அர்த்தமில்லாத எண்கள், அதற்கப்புறம் எண்களே இல்லை. அதைத்தான் வெடித்தது என்பார்கள். இந்தத் தொழிலில் ஒருவரின் மானம் மரியாதை எல்லாம் அவருடைய நிரல் நிற்கிறதா வெடிக்கிறதா என்பதில் இருக்கிறது.

துடைப்பத்தின் மானத்துக்குக் கெடு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. கெடு வைத்தவள் குழுவின் தலைவி. இருவரும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அதனால் பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது.

"பெரிய கம்ப்யூட்டர் நமக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான். திங்கட்கிழமையிலேருந்து இருபத்தியொரு நாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள உன் புரோகிராம் நிக்கணும். நிக்கலேன்னா அந்த நாளையெல்லாம் கீழ் மாடியில கடல் அலையை ஆராயற கடல்காரங்களுக்குக் கொடுத்துடுவேன்."

"கொடுத்துட்டு?"

"அடுத்த வருஷத்துலேருந்து ஊர்ல எல்லாரும் வச்சிருக்கிற புரோகிராமையே நாமும் எடுத்துக்கலாம். உன்னோடதுக்கு ஓய்வு கொடுத்துடலாம். கோவிச்சுக்காதே."

கோபித்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா? ஒன்பது வருட உழைப்பை மூட்டை கட்டி மூலையில் போடுவேன் என்கிறாள் சிநேகிதி! ஆனால் தலைவி சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்த வருடம் கட்டங்களை முன்னைவிட நாலு மடங்கு பொடியாக்கி ஓட்டுவதாகத் திட்டம். ஒத்திகை பார்த்தபோது, கருந்துளைகள் மூன்றாவது சுற்று வருவதற்குள் வெடித்துவிட்டது. சரி, இரண்டு கருந்துளைதானே தொல்லை என்று ஒன்றை எடுத்துவிட்டு ஓட்டினாள், வெடித்தது. அந்த ஒன்றையும் எடுத்துவிட்டு, சும்மா கிடக்கும் வெட்டவெளியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச் சலசலப்பை மட்டும் தூவிவிட்டுப் பார்த்தாள். நல்ல நிரலாக இருந்தால் அந்தச் சலசலப்பு கடைசிவரை சலசலப்பாகவே கிடக்கும். அதுதான் பத்தே கால் மணிக்கு வெடித்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் மாமியார் கேட்டார்: "ஏம்மா, முகம் ஏன் இப்படி விழுந்து கிடக்கு?"

"ஆபீஸ்ல ஒரு கணக்கு வெடிச்சுடுச்சு அத்தை."

"எதைப் பத்தின கணக்கு?"

"எதைப் பத்தியும் இல்லை. வெறும் வெளி. அதுல ஒண்ணுமே கிடையாது."

மாமியார் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட எழுத்தர். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டார். "ஒண்ணுமே இல்லாததுக்குக் கணக்குப் போட உனக்குச் சம்பளம் கொடுக்கிறாங்க."

"ஆமா."

"அந்த ஒண்ணுமே இல்லாததும் இப்ப வெடிச்சுடுச்சு."

"ஆமா அத்தை."

"டேய், இங்க வாடா!" என்று மாமியார் மகனைக் கூப்பிட்டார். துடைப்பத்தின் கணவன் பஸ் ஓட்டுகிறவன். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான். "உன் பொண்டாட்டி ஆபீஸ்ல இல்லாத ஒண்ணு வெடிச்சிடுச்சாம்."

அவன் யோசித்தான். "யாருக்கும் அடிபடலையே?"

துடைப்பத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். சிரித்து முடித்த பிறகும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே இருந்தது.

வியாழக்கிழமை காலைக் கூட்டத்தில்தான் விஷயம் சூடு பிடித்தது. எதிர் அறைக்காரரைச் சொன்னேனே, அவர் பெயர் தாடி. இரண்டு மாதத்துக்கு முன்னால் வேறொரு கூடத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வாய் திறந்து பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போன்ற ஆள். அவரும் இதே நிரலைத்தான் பிரதி எடுத்து வைத்து ஓட்டுகிறார். அதில் அவர் கிறுக்கியிருப்பதைப் பார்த்தால் துடைப்பத்துக்கு உடம்பெல்லாம் அரிக்கும். ஆனால் பாருங்கள், அவருடைய பிரதி வெடிக்கவில்லை! பொடிக் கட்டத்திலும் பூனைக்குட்டி மாதிரி படுத்துக் கிடக்கிறது.

"அது எப்படி சார், உங்களோடது மட்டும் நிக்குது?" என்றாள் துடைப்பம், பன்னிரண்டு பேருக்கு முன்னால்.

"இல்ல மேடம், அது வந்து…"

"நான் சொல்றேன். இஸ்திரி போட்டிருப்பீங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இஸ்திரி என்றால் அங்கே எல்லாருக்கும் புரியும். கணக்கில் தோன்றும் சுருக்கங்களைச் செயற்கையாகத் தேய்த்துச் சமன் செய்வது. அளவோடு தேய்த்தால் நல்லது. அழுத்தித் தேய்த்தால் பிழையோடு சேர்ந்து, எதற்காக இத்தனை பாடுபடுகிறோமோ அந்த வெளியின் அதிர்வும், அதாவது ஈர்ப்பு அலையும் தேய்ந்துபோய்விடும். வெளியே பார்க்கப் பளபளப்பு, உள்ளே பொய். இந்தத் தொழிலில் ஒருவரைப் பார்த்து இஸ்திரிக்காரர் என்பது, கடைக்காரரைப் பார்த்து எடைக்கல்லைச் செதுக்கினாயா என்று கேட்பதற்குச் சமம்.

தாடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிரிப்பு அடங்காததால் தன் நோட்டுக்குள் குனிந்துகொண்டார்.

"அவரோட பிரதியையும் உன்னோடதையும் ஒப்பிட்டுப் பார்த்தியா?" என்றாள் தலைவி.

"மூவாயிரம் வரி வித்தியாசம். அந்தக் குப்பையைக் கிளறினா பத்து நாள் குளிக்கணும். அதெல்லாம் வேண்டாம். என் புரோகிராம் எந்த நாளில் கெட்டுப்போச்சுன்னு நானே கண்டுபிடிக்கிறேன். யார் கை வச்சதுன்னும் நாளைக்கு எல்லாருக்கும் தெரியும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் கண் தாடியின் மேல்தான் இருந்தது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நிரலில் யார் எப்போது எந்த வரியைத் தொட்டாலும் தேதியோடு, பெயரோடு, காரணத்தோடு பதிவாகும். மூன்று வருடத்துக்கு முந்தைய நிரல் நிற்கிறது என்று துடைப்பம் வியாழக்கிழமை சாயங்காலமே ஓட்டிப் பார்த்துவிட்டாள். இன்றைய நிரல் வெடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சுமார் ஆயிரம் மாற்றங்கள். சரிபாதியில் நிறுத்தி வெட்டவெளிக் கணக்கை ஓட்ட வேண்டும். வெடித்தால் குற்றம் முன்பாதியில், நின்றால் பின்பாதியில். அந்தப் பாதியையும் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, பத்தே ஓட்டத்தில் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். ஓர் ஓட்டத்துக்கு அரை மணி நேரம்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தாள். முறைப்படி பாதியில்தானே ஆரம்பிக்க வேண்டும்? அவள் ஆரம்பிக்கவில்லை. தாடி வேலைக்குச் சேர்ந்ததற்கு முந்தைய நாள் நிரலை எடுத்து ஓட்டினாள். அது அழகாக நிற்கும், அந்த மனிதரின் முகத்தில் ஈயாடாது என்று அரை மணி நேரம் ஆசையாகக் காத்திருந்தாள். வெடித்தது. தாடி வருவதற்கு முன்பே கெட்டுப்போயிருக்கிறது! அவளுக்கு வந்தது ஏமாற்றம். ஒரு நல்ல மனிதர் நிரபராதி என்று தெரிந்து ஏமாந்துபோவது எவ்வளவு அசிங்கமான காரியம் என்று உடனே தோன்றியது. வெட்கத்தோடு ஒழுங்குமரியாதையாகப் பாதியிலிருந்து தொடங்கினாள்.

பலகையில் நின்றதற்கு வட்டம், வெடித்ததற்குப் பெருக்கல் குறி. பெருக்கல். வட்டம். மறுபடி பெருக்கல். மதியச் சாப்பாட்டை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறுகையால் குறி போட்டாள். ஒரு வருடத்துக்கு முன்னால், இரண்டு வருடத்துக்குள்ளே என்று வலை சுருங்கிக்கொண்டே வந்தது. கடல்காரர்களின் தலைவர் வேறு சும்மா இருக்காமல் மாடியேறி வந்து, வாசலில் எட்டிப் பார்த்து, "எங்க அலையெல்லாம் ரெடியா இருக்கு, உங்களோடது என்னாச்சு?" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனார்.

இரண்டே முக்கால் மணிக்குப் பத்தாவது ஓட்டம் முடிந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரே ஒரு மாற்றம். திறந்து பார்த்தாள்.

அவளுடைய பெயர்.

அதன் கீழே அவள் தன் கையாலேயே எழுதிய காரணம்: "எப்போதும் பூஜ்யமாகவே இருப்பதை எதற்குக் கழிக்க வேண்டும்? வீண் வேலை. எடுத்துவிட்டேன். ஓட்டம் நூற்றுக்கு இரண்டு பங்கு கூடுதல் வேகம்!" ஆச்சரியக்குறியும் அவள் போட்டதுதான்.

விஷயம் இதுதான். வெளியின் வளைவு எப்படி மாறுகிறது என்பதை நிரல் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்ன அட்டவணையாக வைத்திருக்கும். அந்த அட்டவணையில் சில எண்களை உரிய முறையில் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். காகிதத்தில் போட்டால் வரும், சத்தியமாக வரும். பழைய நிரலில், ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கூட்டுத்தொகையை எடுத்து அட்டவணையிலிருந்து கழித்துவிட ஒரு வரி இருந்தது. பூஜ்யத்தைக் கழிக்கிற வரி. சுத்தம் பார்க்கிறவள் கண்ணுக்கு அது அசல் குப்பையாகத்தான் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்குள் அந்தக் கூட்டுத்தொகை பூஜ்யமாக இருக்காது. பதினாறாவது இலக்கத்தில் துளியூண்டு மிஞ்சும். கழிக்க ஆள் இல்லாவிட்டால் அந்தத் துளி அடுத்த அடியில் கொஞ்சம் வளரும், அதற்கடுத்த அடியில் இன்னும் கொஞ்சம். பெரிய கட்டத்தில் குறைந்த நேரம் ஓட்டினால் தெரியாது. கட்டம் பொடியாகப் பொடியாக வேகமாக வளரும். படித்துப் பட்டம் வாங்கி, கணக்கைக் கரைத்துக் குடித்தவர்கள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். கணக்குத் தெரியாதவன் ஏன் எதற்கு என்று கேட்காமல் அந்த வரியை அப்படியே விட்டுவைத்திருப்பான்.

அந்த ஒரு வரியை இன்றைய நிரலில் திரும்பப் போட்டாள். ஓட்டினாள். அரை மணி நேரம் திரையில் ஒரு கோடு, தூங்குகிற குழந்தை மாதிரி அசையாமல் கிடந்தது. நின்றுவிட்டது! எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது, அழவேண்டும்போலவும் இருந்தது. மணி மூன்றேகால் தாண்டிவிட்டது.

அறையில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. நாலு மணிக்குத் தலைவி கேட்கப்போவது ஒரே கேள்வி: நிற்கிறதா? நிற்கிறது என்றால் முடிந்தது கதை. யார் கை வைத்தது என்று இனி யாரும் நோண்டப்போவதில்லை. அவள் அதையும் நினைத்துப் பார்த்தாள், பொய் சொல்வானேன். ஆனால் நேற்றுச் சிரித்த பன்னிரண்டு பேரின் சிரிப்பு காதில் கேட்டது. முதலில் இஸ்திரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று எதிர்க் கதவைத் தட்டினாள்.

தாடி பதறி எழுந்தார்.

"உக்காருங்க சார். நேத்து நான் பேசினது தப்பு. நீங்க இஸ்திரி போடலை. என் புரோகிராம்லதான் கோளாறு, அதுவும் நான் பண்ணினது. பூஜ்யத்தைக் கழிக்கிற வரி ஒண்ணு…"

"தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

தாடி திரையை அவள் பக்கம் திருப்பினார். அவருடைய கிறுக்கல்களுக்கு நடுவில் அந்த வரி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. "வந்த முதல் வாரமே பார்த்தேன். பழைய இடத்துல எங்ககிட்ட இந்த வரி இருக்கும். இங்க காணோம். நீங்க எடுத்திருந்தா ஏதாவது காரணம் இருக்கும்னு நினைச்சேன். என் பிரதியில மட்டும் போட்டுக்கிட்டேன்."

"கேட்டிருக்கலாமே!"

"கேக்க வந்தேன் மேடம். நீங்க யாரையோ போன்ல திட்டிக்கிட்டு இருந்தீங்க. மறுநாள் வந்தேன், அன்னைக்கு வேற ஒருத்தரை. அப்புறம் அப்படியே விட்டுட்டேன்."

"அது போகட்டும், நேத்து கூட்டத்துல சொல்லியிருக்கலாமே சார்? கெடு தலைக்கு மேல நிக்குதுன்னு தெரியும்ல?"

"ஆரம்பிச்சேன். இஸ்திரின்னு சொல்லிட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் உறுதியாத் தெரியாது மேடம். தப்பாச் சொல்லிட்டா இன்னும் சிரிப்பாங்களேன்னு இருந்துச்சு" என்றார்.

துடைப்பத்துக்குச் சுருக்கென்று தைத்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதைத்தானா? பத்து ஓட்டம் ஓட்டிக் கண்டுபிடித்ததை, எதிர் அறையில் ஒருவர் இரண்டு மாதமாக நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் சொல்லாததற்குக் காரணம் அவருடைய வாய் இல்லை, இவளுடைய வாய். ஒன்பது வருட உழைப்பை மூட்டை கட்டி மூலையில் போட இருந்தவள் தலைவி இல்லை, தானேதான்.

நாலு மணிக்குப் பன்னிரண்டு பேரும் கூடிவிட்டார்கள். கடல்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நிக்குதா?" என்றாள் தலைவி.

"நிக்குது. ஆனா கெடுத்தது யாருன்னு இன்னைக்குச் சொல்றேன்னு சொன்னேனே, அதையும் கேட்டுக்கோங்க." ஒன்றரை வருடத்துக்கு முந்தைய குறிப்பை, பெயரோடு, ஆச்சரியக்குறியோடு உரக்கப் படித்தாள். யாரோ மூக்கால் சிரிக்க, கூட்டம் மொத்தமும் பொத்துக்கொண்டது. தலைவி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். துடைப்பமும் சிரித்தாள்; காது மட்டும் சிவந்து கிடந்தது.

"இன்னும் ரெண்டு விஷயம். இந்த ஒன்றரை வருஷத்துல நான் ஓட்டின கணக்கை வச்சு ஒரு கட்டுரை போட்டிருக்கோம். திங்கட்கிழமை முதல்ல அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்கணும். தப்பா இருந்தா திருத்தம் எழுதிப் போட்டுடுவோம், வேற வழியில்லை. ரெண்டாவது, இனிமே நான் எழுதுற ஒவ்வொரு வரியையும் இவர் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் உள்ள போகும். காணாமப் போன அந்த வரியை முதல்ல கவனிச்சவர் இவர். நான்தான் சொல்ல விடலை."

தாடி தரையைப் பார்த்தார். கடல்காரர் பெருமூச்சு விட்டு எழுந்து, "ரெண்டு நாளாவது மிச்சம் விழுமா?" என்று கேட்டார். "போய் வாங்க" என்றாள் தலைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

திங்கட்கிழமை பெரிய கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்தது. பழைய கட்டுரையின் எண்கள் நாலாவது இலக்கத்தில்தான் அசைந்தன. பிழைத்தோம் என்று துடைப்பம் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு கருந்துளைகளும் மூன்றாவது சுற்றைத் தாண்டின, பத்தாவது சுற்றைத் தாண்டின, நின்று நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. தாடி. கையில் ஒரு காகிதம்.

"மேடம், நீங்க நேத்து எழுதினதுல மூணு தப்பு இருக்கு."

மூன்றா! துடைப்பத்துக்குச் சுர்ரென்று ஏறியது. காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தாள். "முதலாவது தப்பே இல்லை சார், கண்ணை எங்க வச்சுப் படிச்சீங்க? ரெண்டாவதும் தப்பில்லை! இதை நான் போன வருஷமே விளக்கி எழுதி வச்சிருக்கேன், அதையாவது படிச்சிருக்கலாம்!" குரல் நடைபாதை வரைக்கும் கேட்டிருக்கும். பழைய தாடியாக இருந்தால் பாதியிலேயே திரும்பிப் போயிருப்பார்.

இந்தத் தாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி மேடம், அந்த ரெண்டும் நான்தான் தப்பு. மூணாவது?"

அவள் மூன்றாவதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். எழுந்து போய் யாராவது கேட்கிறார்களா என்று நடைபாதையைப் பார்த்தாள். பிறகு கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, நாலு அறைக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்:

"மூணாவது நீங்க சொல்றதுதான் சரி."